ஒரு நீள ரெஜெக்ஸை உடைத்துப் போட்டு நாலு வருஷம்

காரைக்குடியில் பலகாரமும் பனையோலைக் கொட்டானும் விற்கிற ஓர் ஆச்சிக்கு வலைப்பக்கம் செய்து கொடுத்தேன். சரக்கு விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார், வேர்டில் அனுப்புவார், சமயத்தில் எங்கிருந்தோ வெட்டி ஒட்டுவார். அதைச் சுத்தம் செய்து பக்கத்தில் ஏற்றும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் முதலில் ஒரே ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன்தான் இருந்தது. சுருக்கமாக ரெஜெக்ஸ்: எந்த மாதிரி எழுத்துத் தொடரைத் தேட வேண்டும் என்று குறிகளால் எழுதும் பேட்டர்ன். திரையின் ஓரத்தைத் தாண்டி ஓடும். எழுதிய அன்று பெருமையாக இருந்தது. மூன்று மாதம் கழித்து எனக்கே புரியவில்லை.

முதல் அடி தமிழிலேயே விழுந்தது. 'சொல் எழுத்து' என்று ரெஜெக்ஸில் ஒரு குறி உண்டே, ஜாவாஸ்கிரிப்டில் அதற்குத் தெரிந்தது ஆங்கில எழுத்தும் இலக்கமும் அடிக்கோடும் மட்டும்தான். சரி, நாமே எல்லை போடுவோம் என்று [^அ-ஹ], அதாவது 'அ முதல் ஹ வரை இல்லாதவை', என்று எழுதி, அதில் சிக்குவதையெல்லாம் நீக்கினேன். காரைக்குடி 'கரககட' ஆனது. தேன்குழல் 'தனகழல'. ஆச்சி போன் செய்து, "என்ன தம்பி, என் கடைப் பேரு எனக்கே வாயில நுழையலையே" என்றார். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் வரிசையில் காலும் கொம்பும் புள்ளியும் ஹ-வுக்குப் பின்னால் தனித்தனிக் குறிகளாக உட்கார்ந்திருக்கின்றன. அத்தனையும் போய்விட்டது.

அப்புறம்தான் அந்தப் பேட்டர்னை ஐந்து சின்ன வரிகளாக உடைத்தேன். முதல் வரியில் ரெஜெக்ஸே கிடையாது, ஒரே எழுத்தை இரு விதமாகத் தட்டியிருந்தால் ஒரே வடிவாக்கும் 'நார்மலைஸ்' மட்டும். கொட்டான் என்பதில் வரும் 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று, தேடினால் வேறு. இதை ரெஜெக்ஸால் சரிசெய்ய ஒரு வாரம் மல்லுக்கட்டியது வீண். இரண்டாவது வரி கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல இடைவெளிகளை எடுக்கும். வழக்கமான 'வெற்றிடம்' குறி அவற்றைக் கண்டுகொள்ளாது. மூன்றாவது, எழுத்து, சார்குறி (கால், கொம்பு, புள்ளி போன்றவை), எண் என்ற யூனிகோட் வகைகளையும் சாதாரண இடைவெளிகளையும் விட்டுவிட்டு மற்றதை நீக்கும். 2018 மொழித் தரத்திலிருந்து ஜாவாஸ்கிரிப்டில் இந்த வசதி இருக்கிறது, பேட்டர்னின் முடிவில் u என்ற எழுத்தை, அதாவது 'யு' கொடியை, போட மறக்கக் கூடாது. நான்காவது, தொடர் இடைவெளிகளை ஒன்றாக்கும். ஐந்தாவது, ஓரத்து இடைவெளிகளை 'ட்ரிம்' செய்யும், அதாவது வெட்டும்.

எண் விஷயத்தில் ஒரு கூத்து. முதலில் எண் வகைக்குப் பதில் 0 முதல் 9 வரை மட்டுமே தெரிந்த பழைய இலக்கக் குறியையே வைத்திருந்தேன். '½ கிலோ அதிரசம்' என்பதில் ½ இலக்கமில்லை என்று அதைத் தூக்கிவிட்டது. அரைக் கிலோ விலைக்கு ஒரு கிலோ கேட்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஆச்சி கொடுத்தும் அனுப்பிவிட்டார், அது தனிக்கதை.

ஓரத்து இடைவெளியை வெட்ட ரெஜெக்ஸ் எதற்கு என்று இப்போது யார் கேட்டாலும் நிரலர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் கதையைச் சொல்வேன். 2016 ஜூலை 20 அன்று, சுமார் 20,000 இடைவெளிகள் தொடர்ந்து வந்த ஒரு பதிவால் அந்தத் தளம் 34 நிமிடம் படுத்தது. வரிக் கடைசி இடைவெளியைத் தேடிய பேட்டர்ன், ஒவ்வோர் இடைவெளியிலிருந்தும் ஆரம்பித்து, கடைசியில் வேறெழுத்தில் முட்டி, அடுத்த இடத்திலிருந்து மறுபடி ஓடியிருக்கிறது. என் பழைய பேட்டர்னின் வாலிலும் அதே சங்கதிதான் இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. வரிகளின் வரிசை மாறினால் காரியம் கெடும்: இடைவெளியை ஒன்றாக்கிவிட்டு அப்புறம் குறிகளை நீக்கினால் மறுபடி இரட்டை இடைவெளி முளைக்கும். 'ரூ. 1,200' என்பதில் கமாவும் போய்விடுவதால் விலையை இந்த வழியில் அனுப்புவதே இல்லை. பேட்டர்னுக்குள்ளேயே குறிப்பு எழுதும் வசதி ஜாவாஸ்கிரிப்டில் இல்லாததால், ஒவ்வொரு பேட்டர்னையும் ஒரு மாறியில் (variable) வைத்து, அதற்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள், எனக்குப் படிக்க முடிகிறது.

இதுவரை கெட்டுப்போன ஒவ்வொரு வரியும் ஒரு சோதனைக் கோப்பில் இருக்கிறது. போன வாரம் ஆச்சி மணகோலத்துக்குப் புது விவரம் அனுப்பினார், நடுநடுவே பூப்படம் போட்டு. முதலில் அதைக் கோப்பில் சேர்த்தேன். பூ மட்டும்தான் உதிர்ந்தது.