யுகுலேலே குதிரை ஒட்ட எது நல்லது: வஜ்ரமா, வெள்ளைப் பசையா, எபாக்ஸியா?

அண்ணன் பலாமரத் துண்டுகளை இழைத்து வீட்டிலேயே செய்த யுகுலேலே அது, சின்ன கிட்டார் மாதிரி நான்கு தந்தி வாத்தியம். போன ஐப்பசி மழையில் குதிரை, அதாவது மேல்பலகையில் ஒட்டித் தந்திகளைத் தாங்கும் கட்டை, பின்பக்கம் தூக்கிக்கொண்டது. அடியில் விசிட்டிங் கார்டு தாராளமாகப் போய் வந்தது. திரும்ப ஒட்ட மூன்று பசைகள் கைவசம் இருந்தன: தச்சர்கள் காய்ச்சும் வஜ்ரம் (மாட்டுத்தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை), ஹார்டுவேர் கடை வெள்ளைப் பசை, இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸி. மூன்றையும் கழிவுப் பலகையில் ஒட்டிப் பார்த்துவிட்டு வஜ்ரத்தை எடுத்தேன்.

விலை பெரிய விஷயமில்லை. வலிமையும் அப்படித்தான். இழைப்பு சுத்தமாக இருந்து, கிளாம்ப் போட்டு இறுக்கினால் மூன்றுமே பிடிக்கும்.

பிடித்த பிறகு வருவதுதான் தொல்லை. வீணையில் தந்தியின் முனை, குதிரையைத் தாண்டிக் குடத்தின் ஓரத்தில் இருக்கும் நாகபாசம் என்ற பிடிப்பில் கட்டியிருக்கும். தந்தி குதிரையைக் கீழே அழுத்தும். யுகுலேலேயில் தந்தியைக் குதிரையிலேயே கட்டுகிறோம். நான்கு தந்தியும் சேர்ந்து சுமார் 15 கிலோ இழுவை, இராப்பகலாக அதைப் பெயர்க்கப் பார்க்கும். தஞ்சாவூர்ப் பக்கம் சித்திரையில் பலகை சுருங்கும், அடைமழையில் ஊதும். எதைப் போட்டு ஒட்டினாலும் ஒருநாள் குதிரை மறுபடி கழலத்தான் போகிறது. அதனால் நான் பார்த்தது ஒன்றே ஒன்று: கழற்றி மறுபடி ஒட்ட எது இடம் கொடுக்கும்?

எபாக்ஸி கொடுக்காது. வலுக்கட்டாயமாகப் பெயர்த்தால் பலகையின் நாரும் சேர்ந்து வருகிறது. வெள்ளைப் பசை சூட்டுக்கு இளகும், சரி. ஆனால் தொடர் இழுவையில், அதுவும் கோடை வெக்கையில், மெல்ல நழுவும். அதைவிட மோசம், பழைய பசைமேல் புதிய பசை பிடிக்காது. மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். மேல்பலகையே 2 மில்லிமீட்டர்தான். எத்தனை தடவை சுரண்டுவது?

வஜ்ரத்தில் அந்தக் கவலை இல்லை. சூடும் ஈரமும் காட்டினால் ஒட்டு விட்டுக்கொடுக்கும். புதிதாக ஊற்றும் சூடான வஜ்ரம் பழையதைக் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். வீணையிலும் ஸ்வரம் பிடிக்கும் 24 உலோக மெட்டுகள் மெழுகில்தானே நிற்கின்றன? தேய்ந்தால் எடுத்துவிட்டு, மெழுகில் மெட்டுகளைப் புதிதாகப் பதிக்கிறார்கள்; இதைத்தான் மேளம் கட்டுவது என்பார்கள்.

காய்ச்சுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வஜ்ரக் குருணையை முதல்நாள் இரவே பச்சைத்தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் ஜவ்வரிசி மாதிரி உப்பியிருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் அந்தக் கிண்ணத்தை வைத்துச் சுமார் 60 டிகிரியில் இளக்க வேண்டும். கொதித்தால் வலு போய்விடும். குச்சியைத் தூக்கினால் அறுபடாமல் மெல்லிய இழையாக ஒழுகுவதுதான் பதம். குதிரையையும் லேசாகச் சூடுகாட்டிவிட்டு, பூசிய கையோடு கிளாம்பை இறுக்கிவிட வேண்டும். ஒருநாள் காயவிட்டு அப்புறம் தந்தி.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஈரம் விடாமல் நின்றால் வஜ்ரமும் இளகும், பூஞ்சையும் பிடிக்கும். என் ஒட்டு இன்னும் ஒரு முழு அடைமழைக் காலத்தைப் பார்க்கவில்லை. அதற்காகவே குதிரையில் ஒரு மாற்றம் செய்தேன்: தந்திகளைக் குதிரையோடு கட்டாமல், மேல்பலகை வழியாகத் துளையிட்டு உள்ளே இறக்கி, அடியில் ஒட்டிய மெல்லிய தேக்குப் பட்டையில் முடிச்சுப் போட்டிருக்கிறேன். இழுவையில் பெரும்பங்கை அந்தப் பட்டை வாங்கிக்கொள்கிறது. தந்தி மாற்றும்போது மட்டும் ஒலித்துளைக்குள் விரலை விட்டு முடிச்சைத் தேட வேண்டியிருக்கிறது.