ஜிபிஎஸ் கோலம்: தெருவில் நடப்பதா, கண்மாயில் நடப்பதா?

நடந்த தடத்தை ஜிபிஎஸ் கருவியில் பதிந்து ஓவியமாக்கும் கலைக்கும் நம் சிக்குக் கோலத்துக்கும் விதி ஒன்றுதான்: இழை அறுபடக் கூடாது. பதிவை நிறுத்திவிட்டு வேறிடத்தில் தொடர்ந்தால், பல செயலிகள் இரண்டு இடங்களையும் நேர்கோட்டால் இணைத்துவிடும். ஒரே இழையில் முடிகிற கோலம்தான் சரிவரும். அப்படிப்பட்ட கோலங்களைச் செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தான் தெருக்களிலும், அருகே வற்றிக் கிடந்த கண்மாய் ஒன்றிலும் நடந்து பார்த்தேன்.

தெருவில் வசதி அதிகம். கோடு கிழித்தாற்போல் நேரான தெருக்கள். எங்கே திரும்ப வேண்டும் என்பதை வரைபடத்திலேயே முடிவு செய்துவிடலாம். ஆனால் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீள்வதால் கட்டம் சதுரமாக அமைவதில்லை. கோலம் ஒரு பக்கமாக இழுபடுகிறது, நெளியெல்லாம் மூலையாகிவிடுகிறது. நம் எழுத்துகளில் ப, ட போன்றவை தெருவில் நிற்கும். ழ நிற்காது.

அதைவிடப் பெரிய சிக்கல் உயர்ந்த சுவர்கள். செயற்கைக்கோள் சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறித்து வரும்போது கருவி தூரத்தைத் தவறாகக் கணக்கிடுகிறது. ஒரு தெருமுனையில் நான் வெளியே நிற்க, திரையில் கோடு பெரிய வீட்டின் வளவுக்குள் புகுந்து வந்தது. நான்காம் முறை அதே முனையைக் கடந்தபோது திண்ணையில் இருந்த ஆச்சி, “எந்த வீட்டைத் தேடுகிறீர்கள் தம்பி?” என்று கேட்டார். திரையைக் காட்டினேன். “இந்த இடத்தில் இழை கோணிவிட்டதே” என்று சரியாக அதே முனையில் விரல் வைத்தார். எத்தனை வருடம் கோலம் போட்ட கண்! எல்1, எல்5 என இரு அலைவரிசைகளையும் வாங்கும் கருவியில் இந்தக் கோணல் குறையும், முற்றிலும் போகாது.

கண்மாயில் வானம் திறந்து கிடக்கிறது. அங்கே செல்பேசியின் பிழை சுமார் 5 மீட்டர். புள்ளிக்குப் புள்ளி 10 மீட்டர் விட்டால் பிழையே கோலத்தைத் தின்றுவிடும். 30 மீட்டர் கயிறு பிடித்து, துணி கட்டிய 25 குச்சிகளை ஊன்றினேன்: 5 புள்ளி, 5 வரிசை, பக்கத்துக்கு 120 மீட்டர். ஊன்றவே ஒரு காலைப்பொழுது போனது. சீமைக்கருவேல முள்ளுக்கு ஒதுங்கியதில் ஒரு நெளி வீங்கிவிட்டது. ஆனாலும் வளைவுகள் வளைவுகளாகவே வந்தன. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

2010இல் கின்னஸில் இடம்பெற்ற யாசுஷி தகஹாஷி என்ற கலைஞரின் ஜிபிஎஸ் ஓவியம் ஜப்பான் முழுக்க 7,000 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. அந்த அளவில் 5 மீட்டர் கண்ணுக்கே தெரியாது. நம் கோலத்தில் அதுதான் எல்லாம். 2000 மே மாதம்வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே கெடுத்து அனுப்பியது. பிழை 100 மீட்டரைத் தொடும். அன்று கண்மாய்க் கோலம் நினைத்தே பார்க்க முடியாதது.

செல்பேசியோ கைக்கடிகாரமோ, நொடிக்கு ஒரு புள்ளி பதிகிற அமைப்பை வையுங்கள். நீங்கள் நின்றால் பதிவும் தானாக நிற்கும் வசதியை அணைத்துவிடுங்கள். சைக்கிள் வேண்டாம், நெளிக்கு நடைதான்.

ஒரு மணி நேரம்தான் கையில் இருக்கிறது என்றால் தெருவுக்குப் போகலாம். நான் கண்மாய்க்கே போகிறேன். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறுவதற்குள் 7 புள்ளிக் கோலம் நடந்தாக வேண்டும். 49 குச்சிகளில் 30 சேர்ந்திருக்கின்றன.