கிளட்ச் மிதி மேலே வரவில்லையா? மேல் சிலிண்டரா, கீழ் சிலிண்டரா, பிரஷர் பிளேட்டா

ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கிற மண்டபம் ஊரில் டீ குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன். முதல் கியர் சுத்தமாக விழுந்தது, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தேன், மிதி பாதியிலேயே நின்றுவிட்டது. எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி நகரவில்லை. ஷூ நுனியை மிதிக்கு அடியில் கொடுத்துத் தூக்கினேன், மிதி லேசாக மேலே வந்துவிட்டது. ஆனால் வண்டி பிடித்தது ஒன்றிரண்டு விநாடி கழித்துத்தான். இந்த இரண்டு விநாடியை அன்றைக்கு நான் கவனித்து வைத்திருந்தால் ஒரு மாதம் அலைந்திருக்க மாட்டேன்.

வண்டி கொஞ்சம் பழையது, 1.8 லிட்டர் டர்போ, 150 குதிரைத்திறன், மேனுவல் கியர். அதைக் கேட்டவுடனேயே எல்லாரும் ‘வேகமாக ஓட்டுகிற வண்டி, கிளட்ச் செட் போயிருக்கும்’ என்றார்கள். ராமநாதபுரத்தில் காட்டிய இடத்தில் கியர்பாக்ஸை இறக்கச் சொன்னார்கள். மதுரையில் ஒருவர் போனிலேயே மேல் சிலிண்டர், அதாவது மிதியோடு சேர்ந்திருக்கிற மாஸ்டர் சிலிண்டர், என்று முடிவு சொன்னார். நண்பன் ஒருவன் கிளட்ச்சையும் இயக்குகிற பிரேக் ஆயிலை மாற்றினால் போதும் என்றான். மூன்றுமே நடக்கக்கூடியவைதான், ஆனால் செலவிலும் நேரத்திலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆயில் மாற்ற ஒரு மணி நேரம், கியர்பாக்ஸ் இறக்க ஒரு முழு நாள்.

இவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். மிதி கீழே மாட்டி நிற்கிற அந்த நேரத்தில் கிளட்ச் பிடித்திருக்கிறதா, விட்டிருக்கிறதா? மிதி கீழே கிடக்கும்போதே கிளட்ச் பிடித்து வண்டி இழுத்தால் கோளாறு மேலே, அதாவது மிதி, ஸ்பிரிங், மாஸ்டர் சிலிண்டர், இல்லையென்றால் ஆயிலில் காற்று. மிதியும் கீழே, கிளட்ச்சும் விட்ட நிலையிலேயே இருக்கிறது, எஞ்சின் சும்மா சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் கீழே, அதாவது ஆயில் போகிற ரப்பர் ஹோஸ், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற ஸ்லேவ் சிலிண்டர் (கீழ் சிலிண்டர்), அது தள்ளுகிற ஃபோர்க், கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட். என் வண்டி இரண்டாவது வகை. இதைச் சோதிக்கச் சமதளமான இடம் வேண்டும், முன்னால் ஆளோ சுவரோ இருக்கக் கூடாது, பிரேக்கை நன்றாக அழுத்தியிருக்க வேண்டும்.

மேல் பக்கத்தை முதலில் முடித்துவிடலாம். கால்மிதி விரிப்பு நகர்ந்து மிதிக்கு அடியில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள், இது கேலிக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே நடக்கும். அப்புறம் மாஸ்டர் சிலிண்டரின் ராடை மிதியிலிருந்து கழற்றி, மிதியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அப்போதும் இறுகினால் மிதி திரும்புகிற இடத்தில் இருக்கிற புஷ்தான். தனுஷ்கோடி ரோட்டில் பறக்கிற நுண்மணல் வண்டிக்குள் எங்கேயெல்லாம் போய் உட்காரும் என்று இந்தப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், புஷ்ஷில் பழைய கிரீஸோடு சேர்ந்தால் அது அரைக்கிற பசை மாதிரி ஆகிவிடும்.

மிதியின் ஸ்பிரிங் மேல் வீண்பழி அதிகம் விழுகிறது. கனமான கிளட்ச் உள்ள பல வண்டிகளில் மிதியின் பாதித் தூரம் வரைக்கும் அந்த ஸ்பிரிங் மேலே தள்ளும், பாதியைத் தாண்டினால் காலுக்கு உதவியாகக் கீழே இழுக்கும். மிதியைத் திரும்ப மேலே கொண்டுவருவது பிரஷர் பிளேட் ஆயில் வழியாகக் கொடுக்கிற தள்ளுவிசைதான். அந்தத் தள்ளுவிசை குறைந்தால் ஸ்பிரிங் ஜெயித்து மிதியைத் தரையிலேயே பிடித்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு ஸ்பிரிங்கைக் கழற்றி வீசுகிறவர்கள் உண்டு. மிதி மேலே வரும், கால் வலிக்கும், உண்மையான கோளாறு உள்ளேயே இருக்கும்.

ஆயில் மாற்றுவது மலிவு, அதனால் நானும் அதைத்தான் முதலில் செய்தேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அது இங்கே கடற்கரையில் சும்மா விடுமா? டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய நிலையில் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். என் வண்டியிலிருந்து வந்தது கறுப்பாக, டீத்தூள் மாதிரி துகளோடு வந்தது. மாற்றியதும் மிதி வெண்ணெயாக இருந்தது. இரண்டு வாரம்தான், பாம்பன் பாலத்தில் வரிசையில் நின்றபோது மறுபடி மாட்டியது. சிலிண்டருக்குள் ஒட்டிப் பிடிக்கிற ரப்பர் சீலைப் புது ஆயில் கொஞ்ச நாளைக்கு வழுக்க விடும், அவ்வளவுதான். அந்தக் கறுப்புத் துகள் எங்கேயோ ரப்பர் தேய்கிறது என்று சொன்னது, நான்தான் கேட்கவில்லை. இன்னொன்று, அவசரத்துக்குப் பவர் ஸ்டீயரிங் ஆயிலோ எஞ்சின் ஆயிலோ ஊற்றிவிடாதீர்கள். சீல் ஊதிப்போய் கிளட்ச்சும் போகும், பல வண்டிகளில் இரண்டுக்கும் ஆயில் டப்பா ஒன்றே என்பதால் பிரேக்கும் போகும்.

மாஸ்டர் சிலிண்டரின் அடையாளம் வேறு. மிதியை அழுத்தி ஒரு நிமிடம் அசையாமல் பிடித்திருங்கள். முதல் கியரில் வண்டி மெல்ல மெல்ல ஊர ஆரம்பித்தால் உள் சீல் ஆயிலைப் பின்னால் விடுகிறது. வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது, டப்பாவில் அளவும் குறையாது, அதனால்தான் இது கண்ணில் படாமல் தப்பிக்கும். என் வண்டி ஒரு நிமிடம் ஆணி அடித்த மாதிரி நின்றது. மதுரைக்காரர் சொன்னது இங்கே அடிபட்டுப் போனது.

இனி கீழே. மிதி மாட்டி, கிளட்ச் விட்டபடியே நிற்கிற நேரத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்லேவ் சிலிண்டரில் காற்று எடுக்கிற நிப்பிளைத் திறக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஆயில் பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஆயில் பீய்ச்சியடித்து ஃபோர்க் டக்கென்று திரும்பினால் அழுத்தம் மேலே போக வழியில்லாமல் அடைபட்டிருக்கிறது. ரப்பர் ஹோஸ் உள்பக்கம் ஊதியிருக்கும், அல்லது மாஸ்டரின் திரும்பு துளை அடைத்திருக்கும். மாஸ்டர் கீழ்ப்பக்கக் கோளாறு மாதிரி வேஷம் போடுவது இந்த ஒரு இடத்தில்தான். நிப்பிளைத் திறந்தும் ஃபோர்க் அசையவில்லை என்றால் ஆயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இரும்புதான் மாட்டியிருக்கிறது. எனக்கு ஃபோர்க் அசையவில்லை. ஸ்லேவ் சிலிண்டரின் ராடைச் சுற்றியிருந்த ரப்பர் மூடி கிழிந்து, உள்ளே துருவும் உப்புப் பொருக்கும். சிலிண்டரைக் கழற்றிப் பிஸ்டனைக் கட்டை விரலால் தள்ளினால் நடுவில் ஒரு இடத்தில் இறுகிப் பிடித்தது. சிலிண்டரை எடுத்த பிறகு ஃபோர்க்கைக் கையால் ஆட்டினால் அது தாராளமாக ஆடியது, ஆக கியர்பாக்ஸுக்குள் வேலை இல்லை. ஒரு நாள் வேலையும் ஒரு கிளட்ச் செட்டும் மிச்சம்.

உப்புக்காற்று ஸ்லேவ் சிலிண்டர் இருக்கிற இடத்தில் நேராக அடிக்காது என்றுதான் நினைத்திருந்தேன். ஆடிக் காற்றில் அரிச்சல்முனை வரைக்கும் போய்த் திரும்பி, வீட்டு போர் தண்ணீரில் வண்டியைக் கழுவுவேன், அந்தத் தண்ணீரும் உவர். கிழிந்த மூடி வழியாக நானே உப்பை ஊட்டியிருக்கிறேன்.

பிரஷர் பிளேட்டை எப்போது சந்தேகப்படுவது? மெதுவாக ஓட்டும்போது எல்லாம் சரி, எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றைத் தாண்டி கியர் மாற்றும்போது மட்டும் மிதி தரையில் நிற்கிறது, சுற்று இறங்கியதும் தானே வருகிறது என்றால் அதுதான் நேரம். அதிக சுழற்சியில் பிளேட்டிலுள்ள டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் திரும்பி வரத் தயங்கலாம். பவர் ஏற்றிய வண்டியில் கடினமான பிளேட்டை மாட்டிவிட்டுப் பழைய சிலிண்டரையே வைத்திருந்தாலும் வரும். ஃபோர்க் தள்ளுகிற ரிலீஸ் பேரிங் ஓடுகிற குழாய் துருப்பிடித்திருந்தாலோ கதை வேறு, எந்தச் சுற்றிலும் மாட்டும், மிதியில் சொரசொரப்பு காலுக்கே தெரியும். இந்த இரண்டுக்கும் கியர்பாக்ஸ் இறங்கித்தான் ஆக வேண்டும்.

சீல்களை மட்டும் மாற்றுகிற வாஷர் கிட் போடுவதா, புது சிலிண்டரா என்று கடைசியாக ஒரு தடுமாற்றம். கிட் விலை சொற்பம். உள்சுவர் வழவழப்பாக இருந்தால் கிட் தாராளமாகப் போதும். குழி விழுந்திருந்தால், அதுவும் அலுமினிய உடம்பாக இருந்தால், சாணை பிடித்துக் கிட் போடுவது வீண் வேலை, புதுச் சீலை அந்தக் குழியே அறுத்துவிடும். எனக்குச் சுவரில் நகம் மாட்டியது, புதுசாகவே போட்டேன். மூடிக்கு அடியில் ரப்பருக்கு ஒத்துக்கொள்கிற சிலிக்கான் கிரீஸ், சாதாரண கிரீஸ் கூடவே கூடாது. காற்று எடுத்து முடித்தபோது மாலை நாலு மணி, நேராகப் பாலத்தைத் தாண்டிப் போய் வந்தேன், மிதி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

கீழக்கரை நண்பன் ஒருவனின் வண்டியிலும் இப்போது இதே தொந்தரவு. அவனுக்கு ஸ்லேவ் வெளியே இல்லை, பேரிங்கோடு சேர்ந்து கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிற வகை. ஒரு நிமிடச் சோதனையில் வண்டி ஊரவில்லை, ஹோஸும் நன்றாக இருக்கிறது. மாஸ்டரின் திரும்பு துளையும் அடைக்கவில்லை என்றால் அவனுக்கு இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை, இறக்கினால் கிளட்ச் செட்டையும் அதோடு மாற்றிவிடு என்று சொல்லியிருக்கிறேன்.