மாய ஏரி மேப் செட்டு வாங்கினேன், மறுகால் எங்கன்னு அப்பா கேட்டாரு

ஏழு ஏரி இருக்குற ஒரு கற்பனை நாட்டோட மேப் செட்டு ஒண்ணு ஆன்லைன்ல வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு, இப்பந்தான் எழுத நேரம் கிடைச்சுது. பகடை உருட்டி ஆளாளுக்கு ஒரு வேஷம் எடுத்து கதை சொல்லியே விளையாடுற கேம் இருக்குல்லா, 1974ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்த பிறவு பரவுனது, அந்த மாதிரி விளையாட்டுக்கு உள்ள செட்டு. தமிழ்லயே போட்டிருக்காங்கன்னு பாத்ததும் யோசிக்காம ஆர்டர் பண்ணிட்டேன். கடை பேரு போடமாட்டேன், ரெண்டு மூணு பேரு சேந்து வீட்டுல இருந்து செய்யுறாங்க போல, வயித்துல அடிக்க வேண்டாம்.

கூரியரோட சேத்து 1,450 ரூவா. உள்ள ஒரு துணி மேப்பு, மூணு அடிக்கு ரெண்டு அடி இருக்கும், ஒரு நாப்பது பக்க புக்கு, கொஞ்சம் கார்டு. நமக்கு கன்னியாகுமரி மாவட்டத்துல ஜூன்லயும் மழை, ஐப்பசிலயும் மழை, எப்பம் ஆர்டர் போட்டாலும் நனஞ்சுதான் வரும், அட்டைப்பெட்டி பப்படம் மாதிரி ஊறி வந்துது. மேப்பு துணிங்கறதால தப்பிச்சுது, கொடில போட்டு காயவச்சேன், சாயம் ஒரு சொட்டு எளகல. பிரிண்டுக்கு முழு மார்க்கு. புக்கு தாளு மட்டும் ரொம்ப லேசு, அந்தப்பக்க எழுத்து இந்தப்பக்கம் தெரியுது.

பேரு வச்சிருக்கறது கொள்ளாம், ரொம்பவே கொள்ளாம். நம்ம ஊர்ல எல்லாமே குளந்தான், தேரூர் குளம், சுசீந்திரம் குளம், புத்தேரி குளம், கடல் மாதிரி கெடந்தாலும் குளம். இவங்க பொய்கை, கயம், இலஞ்சி, வாவி, தாங்கல், ஏந்தல்னு ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு பழைய பேரா எடுத்து வச்சிருக்காங்க. வேடந்தாங்கல்னு நாக்குல வருது, அதுல தாங்கல்னா ஏரின்னு எத்தன பேரு யோசிச்சிருப்போம்? கண்ணாடிப் பொய்கைன்னு ஒண்ணு, அது நேத்து இருந்த வானத்த இன்னைக்கு காட்டுமாம், அதனால நேத்து மழை பேஞ்சிருந்தா இன்னைக்கு வெயில்லயும் குளத்துக்குள்ள மேகம் ஓடும். இத படிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் புக்க மூடி வச்சுட்டு சும்மா இருந்தேன்.

மிதக்கிற தீவு இருக்குற ஏரி ஒண்ணு, வருசத்துல ஒரு தடவ ஆறு திரும்பி ஏரிக்குள்ள ஓடுற எடம் ஒண்ணு. இது ரெண்டும் மாயம்னு அவங்க நெனச்சு எழுதிருக்காங்க, ஆனா ரெண்டும் நெஜத்துலயே இருக்கு. மணிப்பூர்ல லோக்டாக் ஏரில பும்டின்னு செடியும் வேரும் மண்ணும் சேந்து மெத்த மாதிரி மெதக்கும், அது மேல ஒரு நேஷனல் பார்க்கே இருக்கு, மானு நடக்குது. கம்போடியால தொன்லே சாப் ஆறு மழைக்காலத்துல மீகாங் பொங்கி வரும்போ எதுத்து ஏரிக்குள்ள போவும், வெள்ளம் வடிஞ்சா திரும்ப வெளிய வரும். அதனால இது ரெண்டையும் நான் கொறை சொல்லல.

கொறை எங்க வந்துதுன்னா, அப்பா கண்ணாடிய போட்டுட்டு வந்து மேப்ப பாத்ததுலதான். எங்க வீடு தேரூர் குளத்துக்கு கூப்பிடு தூரம், அப்பா அம்பது வருசமா வயல்ல நிக்கிற ஆளு. நான் மாயம் மந்திரம்னு வெளக்கிட்டு இருக்கேன், அவரு ஒண்ணும் கேக்கல, வெரல துணி மேல வச்சு ஒவ்வொரு குளத்தோட கரையையும் சுத்தி சுத்தி வந்தாரு, கடைசில "மக்களே, இதுக்கு மறுகால் எங்க?"ன்னு கேட்டாரு.

மறுகால்னா குளம் நெறஞ்சா மிச்சத் தண்ணி வழிஞ்சு வெளிய போற எடம். நான் தேடுனேன். இல்ல. உறங்குகயம்னு ஒரு ஏரி, அதுக்கு நாலு ஆறு உள்ள வருது, வெளிய ஒண்ணும் போவல, ஆனா புக்குல அந்த தண்ணிதான் தேன் மாதிரி இனிக்கும்னு எழுதிருக்கு, எப்படி இனிக்கும்? வெளிய போவ வழி இல்லாத ஏரில தண்ணி ஆவியா போவும், உப்பு மட்டும் தங்கும், வருசம் போவ போவ கரிக்கும், சாக்கடல் அப்படித்தான், காஸ்பியன் அப்படித்தான், மகாராஷ்டிரால லோனார் ஏரி கல்லு விழுந்து உண்டான பள்ளம், அதுவும் உப்புத்தான், 2020ல ரோஸ் கலரா மாறி பேப்பர்லலாம் வந்துது. அடில கசிஞ்சு போவுதுன்னு ஒரு வரி எழுதிருந்தா நானே ஒத்துக்கிட்டிருப்பேன். அமெரிக்கால கிரேட்டர் லேக் (Crater Lake) அப்படித்தான், ஆறு உள்ளயும் இல்ல வெளியயும் இல்ல, 594 மீட்டர் ஆழம், கசிவு இருக்கறதால நல்ல தண்ணி.

இன்னொரு ஏரில இருந்து மூணு ஆறு மூணு பக்கமா கெளம்புது. அப்பா அதுக்கு சிரிச்சுட்டாரு. தண்ணி எங்க தாழ்வா இருக்கோ அந்த ஒரு எடத்துலதான் வழியும், வழிஞ்சு வழிஞ்சு அந்த எடத்தையே இன்னும் பள்ளமாக்கும், பிறவு மத்த பக்கம் அது ஏன் ஏறி போவ போவுது. ரஷ்யால பைக்கால் ஏரிக்கு முன்னூறுக்கு மேல ஆறு உள்ள வருது, வெளிய போறது அங்காரா ஒண்ணே ஒண்ணு. நம்ம குளத்துல மடை நாலு இருக்கலாம், ஆனா அது மனுசன் வச்சது, அது வேற.

எனக்கு இதுலயும் பெரிய வருத்தம் என்னன்னா ஏழு ஏரியும் ஒண்ணுக்கொண்ணு பேசவே இல்ல. நாஞ்சில் நாட்டுல குளம் தனியா இருக்காது, மேல உள்ளது நெறஞ்சு மறுகால் பாஞ்சா கீழ உள்ளதுக்கு வரும், அது நெறஞ்சா அதுக்கும் கீழ, மிச்சம் பழையாத்துல விழுந்து மணக்குடில கடலுக்கு போவும். பேச்சிப்பாறை அணை 1906ல கட்டி முடிஞ்சுது, கட்டுன எஞ்சினியர் மிஞ்சின் தொரைக்கு அணைப்பக்கமே கல்லறை, அங்க தொறந்துவிட்ட தண்ணி சானல் சானலா பிரிஞ்சு எங்க வயலுக்கு வருது. மேல ஒருத்தன் அடச்சா கீழ ஒருத்தனுக்கு சண்ட. கதை வேணும்னா இதவிட என்ன கதை வேணும்? இந்த மேப்புல ஒரு குளத்துக்காரனுக்கு அடுத்த குளத்துக்காரன்கிட்ட சண்ட போட காரணமே கெடையாது, அதனால புக்குல பாதி எடத்துல சூனியக்காரிய கொண்டுவந்து சண்ட மூட்டுறாங்க.

ஆழமும் அப்படித்தான். உறங்குகயம் 300 கோல்னு ஒரே நம்பரு, கோடையிலயும் அதான் மழையிலயும் அதான். நாங்க காலைல பேப்பர பிரிச்சதும் பாக்குறது பேச்சிப்பாறை அணைல 48 அடிக்கு எத்தன அடி, பெருஞ்சாணி அணைல 77 அடிக்கு எத்தன அடி தண்ணின்னுதான், குளம்னா அது ஏறி எறங்கணும்.

மழைய பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். காத்து மேக்க கடல்ல இருந்து அடிக்குதுன்னு ஆறாம் பக்கத்துல இருக்கு, மலை நடுவுல, ஆனா கடல் பக்கம் பாலைவனம், மலைக்கு பின்னால காடு. நேர் தலைகீழு. ஆரல்வாய்மொழி தாண்டி பஸ்ல ஒரு தடவ போயிருந்தா இத வரஞ்சிருக்க மாட்டாங்க, இந்தப்பக்கம் தென்னையும் வாழையும், கணவாய தாண்டுனா காத்தாலையும் பொட்டலும்.

கடலோரத்துல ஒரு வாவி கடலோட நேரா சேருது, அதுல தாமரை. பொழி, அதாவது முகத்துல அடைச்சு நிக்கிற மணல்திட்டு, இல்லாம அப்படி தொறந்து கெடந்தா கடல் தண்ணி உள்ள ஏறாதா, தாமரை எப்படி நிக்கும்.

இத எல்லாம் அவங்களுக்கு மெயில் போட்டேன். மாய ஏரிதானே ப்ரோன்னு பதில் வந்துது. மாயம்னா அதுக்கும் ஒரு கணக்கு வேண்டாமா, நேத்து வானத்த காட்டுற குளத்துக்கு கணக்கு இருக்கு, அதனாலதான் அது மனசுல நிக்குது. இத எழுதினதுக்கு பதில் இன்னும் வரல.

இவ்வளவு சொன்னாலும் திருப்பி அனுப்பல. அக்கா பிள்ளைங்க ரெண்டு பேரும் லீவுக்கு வந்தப்போ மூணு ராத்திரி விளையாடுனோம், கரண்டு போன அன்னைக்கு மெழுகுதிரி வச்சு விளையாடுனதுதான் பெஸ்டு. அதுக்கு முன்னாடியே அப்பா பால்பேனாவால மேப்புல உறங்குகயத்துல இருந்து தாங்கலுக்கு ஒரு கோடு இழுத்துட்டாரு, 1,450 ரூவா துணில, நான் வாய தொறக்கல. கார்டுல வாள்வீரன், சூனியக்காரி, ஓடக்காரன் எல்லாம் இருக்கு, மடை தொறக்குற ஆளு இல்லியேன்னு சின்னவன் கேட்டான். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைய வெட்டி, மண்வெட்டி தோள்ல போட்ட ஒரு ஆள அவனே வரஞ்சான், அந்த கார்டு தாத்தாவுக்கு. முதல் ராத்திரியே அவரு மடைய அடச்சு வச்சுக்கிட்டு ராஜாவையே கரைல வந்து நிக்க வச்சுட்டாரு.

வாங்குறவங்க துணி மேப்பு உள்ளதா பாத்து வாங்குங்க, பேப்பர்ல உள்ளது 600 ரூவா கம்மி, ஆனா நம்ம ஊரு கூரியர்ல அது வந்து சேராது.