மூத்தோர் குடியிருப்பா, சொந்த வீடா?

கோவையைச் சுற்றி மூத்தோருக்கான குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. அங்கே முதலில் ஈர்ப்பது பொது உணவுக்கூடம். நாற்பது ஆண்டுகள் அடுப்படியில் நின்ற பெண்களுக்கு அதுதான் உண்மையான ஓய்வு. (பத்தாம் நாளே ரசத்தில் உப்பில்லை என்று புகார் கிளம்புவது வேறு கதை.) குளியலறையில் கைப்பிடி, படுக்கையருகே அழைப்பு மணி, கூப்பிட்டால் வர ஆள். சொந்த வீட்டில் கைப்பிடியை எளிதாகப் பொருத்திவிடலாம். இரவில் நம்பிக்கையான ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

பணம் என்று வந்தால் சொந்த வீடுதான் வெல்கிறது. குடியிருப்பின் மாதப் பராமரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். வங்கி வட்டியை நம்பியிருப்பவருக்கு அது இடிக்கும். விற்பதும் சிரமம்: குடியேறுபவருக்கு வயது வரம்பு இருப்பதால் வாங்குவோர் குறைவு. இன்னொன்று, படுத்த படுக்கையானாலோ மறதி நோய் முற்றினாலோ தனி உதவியாளரை நாமே வைத்துக்கொள்ளச் சொல்லும் இடங்கள் உண்டு. ஒப்பந்தத்தில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

பேரக்குழந்தைகளின் சத்தமும் வாசலில் கீரைக்காரியின் குரலும் சொந்தத் தெருவில்தான் கிடைக்கும். ஆனாலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் தம்பதிக்குக் குடியிருப்பையே சொல்வேன், அதுவும் எழுபதுக்குள். எண்பதில் தனியாகப் போய்ப் புது முகங்களோடு பழகுவது கடினம்.