தில்லானா மோகனாம்பாள்: மேளச்சமா கேட்டு வளர்ந்த காதோடு

போன ஞாயிறு அப்பப்பாவோடு இருந்து ‘தில்லானா மோகனாம்பாள்’ திரும்பவும் பார்த்தேன். ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதையை ஏ.பி. நாகராஜன் 1968இல் படமாக்கியது, கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதனால் அதை விடுவம்.

நாதஸ்வர வித்துவான் சண்முகசுந்தரமும் (சிவாஜி) நாட்டியக்காரி மோகனாவும் (பத்மினி) காதல் வசனம் என்று பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. உன் ஆட்டத்தைப் பார்க்கமாட்டேன் என்று வீறாப்புக் காட்டியவர் ஒளிந்துநின்று பார்க்க, அவள் அதைக் கண்டுகொண்டு ஆடியபடியே பாட்டில் போட்டு வாங்குகிறாள். ‘நலந்தானா’ பாட்டு இன்னும் ஒருபடி மேல். கத்திக்காயம் பட்ட மனிசனைச் சபை நடுவில் வைத்து அவள் நலம் விசாரிக்கிறாள், அவருக்கோ வாயில் நாதஸ்வரத்தின் சீவாளி, பதில் சொல்ல வழியில்லை. கன்னம் ஊதினபடியே இருக்கிறது, கண் மட்டும் கலங்குகிறது. வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுச்சாமி சகோதரர்கள் என்று தெரிந்துகொண்டு பார்த்தாலும், அந்த மூச்சு சிவாஜியின் நெஞ்சிலிருந்துதான் வருகிறது என்று நம்பத் தோன்றுகிறது. பத்மினி அந்த நேரம் முகத்தில் காட்டுவதை எழுத எனக்கு வராது.

எனக்குள்ள குறை தவில். யாழ்ப்பாணத்தில் இணுவில், அளவெட்டிப் பக்கம் பிறந்த ஆட்களுக்கு இது உறைக்கும். எங்கள் திருவிழாக்களில் சனம் விடிய விடிய மேளச்சமா (நாதஸ்வர, தவில் கச்சேரி) கேட்டுக்கொண்டிருப்பது தவிலுக்காகவும்தான், விரல்களில் கூடு மாட்டி ஒருவர் தனி வாசிக்கத் தொடங்கினால் கச்சான் விற்கிறவரும் கையை நிறுத்திவிடுவார். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலுக்குத் தமிழ்நாடே தலையாட்டிய காலத்தில் வந்த படம் இது. அதில் தவில்காரர் முத்துராக்கு பெரும்பாலும் சிரிப்புக்கு. டி.எஸ். பாலையா வெளுத்து வாங்குகிறார், அதில் சந்தேகமில்லை, ஆனாலும் அப்பப்பா விடவில்லை: “உந்தத் தவில்காரனை ஏன் கோமாளியாக்கி வைச்சிருக்கினம்?” என்னிடம் பதில் இல்லை.

நாகேஷின் வைத்தி, மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி பற்றி புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது. மதன்பூர் மகாராஜா வந்த பிறகு படம் இழுபடுகிறது, மேளம் குறைகிறது, சந்தேகமும் அழுகையும் கூடுகிறது. அப்பப்பா அந்த இடத்தில் குறட்டை விட்டார், நானும் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டேன்.

பார்க்கிறதென்றால் போன் ஸ்பீக்கரில் மட்டும் பார்க்காதீர்கள், நாதஸ்வரம் தகரத்தைத் தட்டினமாதிரிக் கேட்கும். நாங்கள் பாதியில் நிறுத்திப் பக்கத்து வீட்டுப் பெட்டி ஸ்பீக்கரை இரவல் வாங்கி வந்துதான் முழுதாகக் கேட்டோம். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.