"தேர்வுக் கட்டணம் உள்பட" என்றால், எந்தத் தேர்வு என்று கேளுங்கள்

காம்ப்டியா என்ற தகவல் தொழில்நுட்பச் சான்றிதழ் அமைப்பின் செக்யூரிட்டி பிளஸ் என்ற கணினிப் பாதுகாப்புத் தேர்வை எழுத ஆசைப்பட்ட என் தம்பி, கோவையில் ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தான். "கணினி வலையமைப்புத் தேர்வான நெட்வொர்க் பிளஸ் தேறாமல் பதிவே செய்ய முடியாது" என்று சொல்லி, இரண்டு வகுப்புக்கும் சேர்த்துப் பணம் கறந்துவிட்டார்கள். பச்சைப் பொய். நெட்வொர்க் பிளஸும் ஈராண்டு பணி அனுபவமும் இருந்தால் நல்லது என்று காம்ப்டியா பரிந்துரைக்கிறது, அவ்வளவுதான். இரண்டும் இல்லாதவரும் தாராளமாகத் தேர்வு எழுதலாம்.

அடுத்தது புத்தகம். அட்டையில் எஸ்ஒய்0-701 என்று, செக்யூரிட்டி பிளஸின் இப்போதைய பதிப்பு எண்ணோடு ஒரு ஸ்டிக்கர். ஓரத்தை நகத்தால் சுரண்டினேன்; அடியில் 601 என்று பழைய பதிப்பின் எண்ணை அச்சிட்டிருந்தது. ஆங்கிலத்தில் நடந்த அந்த 601 தேர்வு 2024 ஜூலையோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இவன் சேர்ந்ததோ 2025இல். 701இல் காம்ப்டியா பாடத்திட்டத்தையே மாற்றி அடுக்கியிருக்கிறது. புதியதில் பாதுகாப்புச் செயல்பாடுகள் என்ற பகுதிக்கு மட்டும் தேர்வில் 28 சதவீதம். ஸ்டிக்கர் ஒட்டத் தெரிந்தவர்களுக்குப் புதுப் புத்தகம் வாங்கத் தெரியவில்லை!

ரசீதில் "தேர்வுக் கட்டணம் உள்பட" என்று இருந்ததால், காம்ப்டியா தேர்வுக்குப் பதிவு செய்ய உதவும் வவுச்சர் கேட்டோம். அது அவர்களே நடத்தும் தேர்வுக்கான கட்டணமாம். பொன்னிற முத்திரையோடு ஒரு சான்றிதழும் தருவார்களாம். உண்மையான காம்ப்டியா தேர்வைப் பியர்சன் வியூ என்ற தேர்வு நடத்தும் நிறுவனம் வழியாகத்தான் பதிவு செய்ய வேண்டும். 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். வலையமைப்புக்குள் வருவதை வடிகட்டும் ஃபயர்வாலின் விதிகளைத் திரையிலேயே அமைத்துக் காட்டச் சொல்வது போன்ற செய்முறைக் கேள்விகளும் வரும். 100 முதல் 900 வரையிலான அளவுகோலில் 750 எடுத்தால் தேர்ச்சி. "75 சதவீதம் போதும்" என்று மையத்தின் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது அவராகப் போட்ட கணக்கு.

கடைசியில் மையத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வித் தொகுப்பு வந்தது: "இதை மனப்பாடம் செய்யுங்கள், அப்படியே வரும்." திருட்டுக் கேள்விகளை வைத்துப் படித்தது தெரிந்தால் காம்ப்டியா சான்றிதழையே ரத்து செய்யலாம். தேர்வு எழுதுபவர் ஏற்கும் ஒப்பந்தத்திலேயே அதற்குத் தடை இருக்கிறது. மாட்டப்போவது மாணவன்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில் உள்ள நிபந்தனைகளைக் காட்டுகிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம். சேரும் எண்ணத்தில் இருப்பவர்கள், காம்ப்டியா தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் 701 பாடத்திட்டத்தை அச்செடுத்து, மையத்தின் புத்தகத்தோடு ஒப்பிட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.